மாமியார் முந்துவார், நானா பிந்துவார்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மணி பார்க்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் ஒரு மணி சொல்வார்கள். மருத்துவச்சியம்மாவைக் கேட்டால் மட்டும் இரண்டு கிடைக்கும். "ஏழே காலுக்கு ரெண்டு நிமிஷம் முந்தி, ரெண்டு நிமிஷம் பிந்தி" என்பார். சரி, ஏழே காலா இல்லையா என்று திருப்பிக் கேட்டால், "அதுக்குள்ளதான்டா எங்கயோ இருக்கு. போய்த் தேடிக்க" என்று வெற்றிலையை அடுத்த கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிடுவார்.

கடிகாரம் இல்லாத குறை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று வைத்திருந்தார். மூன்றுக்கும் பெயர் உண்டு. தலையில் மணியும் கீழே பானை வயிறுமாக இருந்த பழைய டைம்பீஸின் பெயர் மாமியார். நிஜ மாமியார் கல்யாணத்தன்று கொடுத்தது. கொடுத்தவரைப் போலவே எல்லாவற்றிலும் முந்திக்கொள்ளும். ஹட்டன் கடைவீதியில், நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் வாங்கிய கைக்கடிகாரத்தின் பெயர் நானா. அது பிந்தும். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரைசானி, தனக்குப் பிரசவம் பார்த்ததற்காகக் கொடுத்துவிட்டுப் போன சங்கிலிக் கடிகாரத்தின் பெயர் துரைசானி. அது குணவதி. ஆனாலும் படுக்கவைத்தால் கொஞ்சம் ஓடும், தொங்கவிட்டால் அசைந்து நடக்கும். அதனால் அதைக் கீழே வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. பகலில் அம்மாவின் கழுத்தில் தொங்கும், இரவில் ஆணியில் தொங்கும்.

மூன்றும் ஒருநாளும் ஒரே நேரம் காட்டியதில்லை. அதைவிட வேடிக்கை, அம்மா எதையும் திருத்தி வைக்க மாட்டார். சாவி கொடுப்பார், துடைப்பார், காதில் வைத்துக் கேட்பார். முள்ளை மட்டும் தொட மாட்டார். வீட்டுக்கு வந்த எவனாவது உதவி செய்வதாக நினைத்து மாமியாரின் முதுகுத் திருகாணியில் கை வைத்தால், பிள்ளையின் தொட்டிலில் கை வைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"முள்ளத் திருப்பி வெச்சா, அதுங்க குணம் எனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். "தப்பா காட்டினா பரவாயில்ல. நேத்து எவ்வளவு தப்போ, இன்னைக்கும் அவ்வளவே தப்பா இருக்கணும். அதான் நல்ல கடிகாரம்."

நான் அப்போது தோட்டத்து லொறியில் கிளீனர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. லொறி ஓட்டியவர் மருத்துவச்சியம்மாவின் கணவர். அவரை நான் பெரியப்பா என்பேன், அம்மாவைப் பெரியம்மா என்பேன். சொந்தம் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் ஒரே லயத்தில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசையில், பத்து வருடம் இருந்தால் எல்லாரும் சொந்தம்தான்.

நல்ல கடிகாரம் எது என்ற அம்மாவின் சட்டம் கடிகாரங்களோடு நிற்கவில்லை. பெரியப்பா ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னால் ஆறுக்குத்தான் வருவார். ஆறு என்றால் ஏழு. மழையோ, பனியோ, சறுக்கலோ, ஒரு மணி நேரப் பிந்தல் மாறவே மாறாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இப்படியும் ஒரு மனுஷனா என்று பரிதாபப்படுவார்கள். அம்மாவோ அந்த மனுஷனைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். அஞ்சுக்கு வர்றேன்னு சொன்னா ஆறுக்குக் கணக்குப் பண்ணி உலை வைப்பேன், சோறு ஒருநாளும் ஆறினதில்ல என்பார். எங்கள் கணக்கப்பிள்ளை ஒருநாள் சொன்ன நேரத்துக்கு வருவார், ஒருநாள் முன்னால் வந்து எல்லாரையும் திட்டுவார், ஒருநாள் வரவே மாட்டார். அவரைப் பற்றி அம்மா, "சுத்தம் பண்ணினாலும் ஓடாது" என்று மட்டும் சொல்வார்.

இதையெல்லாம் நான் கேலி செய்வேன் என்பதைச் சொல்லவே வேண்டாம். மூன்று கடிகாரம் இருக்கு, நேரம்தான் இல்லை என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பெரியப்பாவிடம் ஒரு பந்தயமும் கட்டினேன். என்றைக்காவது ஒருநாள் அம்மாவின் வாயிலிருந்து முந்தியும் பிந்தியும் இல்லாமல் ஒரே ஒரு நேரத்தை வரவழைத்துக் காட்டுவேன். காட்டினால் ஹட்டனில் எனக்கு வயிறு நிறைய வடையும் பிளேன்டீயும். அதற்காக நான் படாத பாடில்லை. நல்ல தூக்கத்தில் எழுப்பிக் கேட்டேன். வாயில் சோறு இருக்கும்போது கேட்டேன். பேருந்து புறப்படுகிற அவசரத்தில் கேட்டேன். பேருந்து போய்விட்டது; முந்தி பிந்தி மட்டும் போகவில்லை.

அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "அரைகுறை" என்பார். பாதியில் நின்ற படிப்பைச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்கும் முந்தைய கதை அது. என்னைப் பெற்றெடுக்க என் அம்மாவுக்கு உதவியவர் அவர்தான். யார் வீட்டுப் பிரசவமாக இருந்தாலும் வெந்நீர் கொதிக்கிற இடைவெளியில் அந்தக் கதையை எடுத்துவிடுவார்.

"தலைய மட்டும் வெளிய நீட்டிட்டு, இந்தத் தோட்டம் நமக்கு ஒத்து வருமான்னு பாத்துட்டுக் கெடந்தான். மிச்சம் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு. வந்தவன் அழவும் இல்ல. ரெண்டு தட்டுத் தட்டுனேன். அதுக்கப்புறம்தான் போனாப் போகுதுன்னு அழுதான். இவன் எத்தன மணிக்குப் பொறந்தான்னு இவங்க அப்பன் கேக்குறான். தல பொறந்த நேரத்தச் சொல்றதா, ஒடம்பு பொறந்த நேரத்தச் சொல்றதா, அழுத நேரத்தச் சொல்றதா?"

அம்மா அப்போதும் முந்தி பிந்தி சேர்த்துத்தான் சொன்னாராம். கோயில் பூசாரி முந்தியையும் பிந்தியையும் தூக்கி எறிந்துவிட்டு, நடுவில் இருந்ததை மட்டும் எடுத்து ஜாதகம் கணித்தார். அது மிதுன லக்னத்தின் கடைசி ஓரம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கடக லக்னம். இந்த ஓரம் பின்னால் என்னைப் படுத்தப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போவோம். அம்மாவும் முன் சீட்டில் ஏறிக்கொள்வார். மடியில் ஒரு கூடை; கூடைக்குள் பழைய சேலைத் துணியில் சுற்றிய மாமியார், நானா. ஏதோ இரட்டைப் பிள்ளைகளைத் தடுப்பூசி போடக் கொண்டுபோவதுபோல் வளைவுக்கு வளைவு கூடையை அணைத்துப் பிடிப்பார். நானா கடையில் ஒரு ரேடியோ இருந்தது. செய்திக்கு முன்னால் அது பீப் பீப் என்று நேரம் சொல்லும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

அந்த நேரத்தில் கடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சீனி கேட்டு வந்தவர்கூட நிற்க வேண்டும். கடைசி பீப் கேட்டதும் அம்மா மூன்று முகத்தையும் பார்த்து, எது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மனதுக்குள் போட்டுக்கொள்வார். போன வெள்ளி எவ்வளவு, இந்த வெள்ளி எவ்வளவு. வித்தியாசம் ஒரே மாதிரி வளர்ந்திருந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு வடை கிடைக்கும். தாறுமாறாக இருந்தால் என்மேல்தான் எரிச்சல்.

நானாவுக்கு, அதாவது கடிகாரத்துக்கு அல்ல, கடைக்காரருக்கு, இதில் ஒரு வருத்தம். தன் கடையில் வாங்கியது பிந்துகிறது என்று ஊர் முழுக்கப் பெயராகிவிட்டதே. "ரேடியோவுல சரியான நேரம் சொல்றாங்கதானே, அதப் பாத்து வெச்சிட்டுப் போங்களேன்மா" என்று ஒருநாள் கெஞ்சினார்.

"ரேடியோவுல இருக்கவரு எந்தக் கடிகாரத்தப் பாத்து சொல்றாரு, நானா?"

"அவங்ககிட்ட பெரிய கடிகாரம் இருக்கும்."

"அந்தப் பெரிய கடிகாரம் சரின்னு யாரு சொன்னது?"

நானா தராசைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அதைவிடப் பெரியது ஒன்று சீமையில் இருக்கும் என்றார். அதற்கு எது என்று அம்மா கேட்டார். கடைசியில் மேலே பார்த்து விரலை உயர்த்தினார் நானா. எனக்கு வாய் சும்மா இருக்காது. அங்கேயும் முந்தி பிந்தி இருக்குமா பெரியம்மா என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நானா மட்டும் அன்றைக்கு முழுக்கச் சீனியைக் கொஞ்சம் தாராளமாகவே நிறுத்தார்.

இவ்வளவு பாடுபட்டுக் கடிகாரங்களின் குணத்தைப் படித்து என்ன பயன் என்று நானும் நினைத்ததுண்டு. ஒருநாள் மேற்கணக்கில், அதாவது எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவில், ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. நானாவை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். நாமெல்லாம் குளிர் வந்தால் சுருண்டு படுப்போம், நானா மட்டும் குளிர் வந்தால் வேகம் பிடிக்கும். அதனால் உடம்புச் சூட்டில் வைத்து அதை ஒரே நிதானத்தில் ஓடவிடுவார். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெண்ணின் மாமியார், வலி பலமாக இருக்கு, பலமாக இருக்கு என்று அலறினார். அம்மா அசையவில்லை. பலமாக இருந்தால் பயமில்லை என்றார். பிறகு சத்தம் குறைந்தது, எல்லாரும் ஆசுவாசப்பட்டார்கள். அப்போதுதான் அம்மா எழுந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார். வலி ஒழுங்கு தப்பிப் போச்சு, லொறிய எடுக்கச் சொல்லு என்றார். ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பி வரும்போது நான் கேலி எதுவும் பேசவில்லை. அம்மாதான் பொறுக்கமாட்டாமல், "என்னடா, வாய்க்குச் சாவி குடுக்கலயா?" என்றார்.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது நானாவின் முள்ளைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். வந்ததும் மூன்றையும் பார்த்தார். மாமியாரும் துரைசானியும் எப்போதும்போல இருக்க, நானா மட்டும் குதித்திருந்தது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உடனே சொல்லிவிட்டார். அப்படியா சேதி என்று அடுத்த வாரம் புத்தியைத் தீட்டினேன். துரைசானி அவர் கழுத்தில் இருந்தது. வீட்டிலிருந்த மாமியார், நானா இரண்டையும் பத்து நிமிடம் முன்னால் தள்ளினேன். இரண்டு பேர் ஒன்று சொல்கிறார்கள், ஒருத்தர் வேறு சொல்கிறார், பழி துரைசானிமேல் விழும் என்பது என் கணக்கு.

அம்மா வந்தார். பார்த்தார். நேராக லொறிக் கொட்டகைக்கு வந்து என் காதைப் பிடித்தார்.

"ஒருத்தர் தப்பு சொன்னா அது அவரோட குணம். ரெண்டு பேரு ஒரே நாள்ல, ஒரே அளவு தப்பு சொன்னா, சொல்லிக் குடுத்தவன் மூணாவது ஒருத்தன் இருக்கான்."

காதுதான் சிவந்தது. முள்ளை அவர் திருப்பி வைக்கவில்லை. "நீ வெச்ச பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். இனிமே அதுவும் அவங்க கணக்குல சேத்தி" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நேரம் சொல்லும்போதெல்லாம் என் பத்து நிமிடத்தையும் மனதுக்குள் கழித்துத்தான் சொன்னார். என் பெயர் ஒரு கணக்கில் நிலைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

பிரஜாவுரிமை விண்ணப்பம் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த சமயம், கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், ஒரு ஐயா அம்மாவிடம் வயசு கேட்டாராம். நாப்பதுக்கு ரெண்டு முந்தி, ரெண்டு பிந்தி என்றிருக்கிறார். ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றைச் சொல்லம்மா என்று அதட்டியிருக்கிறார். நான் பொறந்தப்ப நானே மருத்துவச்சியா இருக்கல ஐயா என்று இவர் சொல்ல, அவர் தானாகவே ஏதோ எழுதிக்கொண்டார். எங்களில் பாதிப் பேருக்கு அன்று கிடைத்த வயது அப்படிக் கிடைத்ததுதான். அம்மா ஒருவர்தான் அதை வெளியே சொல்லிச் சிரித்தார்.

இனி என் ஓரத்துக்கு வருகிறேன்.

மேற்கணக்கில் ராமாயி என்று ஒருத்தி கொழுந்து பறித்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் லொறி நிற்கும். சாக்குகளை ஏற்றும் சாக்கில் நான் ஏதாவது சொல்வேன், அவள் பதிலுக்கு அதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்வாள். ஒரு வருடம் இப்படியே வாய்ச்சண்டை போட்ட பிறகு இரண்டு பேருக்கும் வேறு யாரோடும் சண்டை போடப் பிடிக்கவில்லை. வீட்டில் சொன்னோம். அவளுடைய அப்பா கங்காணி. கோபக்காரர், ஆனால் மகள்மேல் உயிர். மகளின் ஜாதகத்தின்மேல் அதைவிட உயிர். ராஜயோக ஜாதகம் என்று பூசாரி சொல்லியிருந்ததால், விருந்தாளி வந்தால் முதலில் ஜாதகம், பிறகுதான் தண்ணீர். என் ஜாதகமும் பொருந்துகிறது என்று பூசாரி சொன்னதும் சரி என்றார்.

அப்போதுதான் ராகலையிலிருந்து ராமாயியின் தாய்மாமன் வந்தார். அவர் மனதில் ராமாயிக்கு மாப்பிள்ளையாக ராகலையில் ஒரு கடைச் சிப்பந்தி இருந்தான். என் ஜாதகத்தை வாங்கிப் பார்த்து, ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பையன் மிதுனமில்ல, கடகம். கடகமா இருந்தா இந்தப் பொண்ணக் கட்டினா மாமனாருக்கு ஆகாது என்று ஒரு குண்டைப் போட்டார். கங்காணி ஆடிப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் எல்லாரையும் வைத்துப் பேசி முடிவெடுப்பது, கடகம் என்றால் கல்யாணம் இல்லை என்று ஆயிற்று.

ராமாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒழுங்காப் பொறக்கக்கூட ஒனக்குத் தெரியல பாரு" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மருத்துவச்சியம்மாவிடம் ஓடினேன். எல்லாரும் நம்புகிற ஆள் அவர் ஒருவர்தான். மிதுனத்தில் பிறந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமியார்தான் முந்துகிறவராயிற்றே பெரியம்மா, அப்படியென்றால் நிஜ நேரம் இன்னும் முன்னால்தானே, மிதுனம்தானே என்று ஐந்தாம் வகுப்புக் கணக்கையெல்லாம் போட்டுக் காட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நல்லாத்தான் கணக்குப் போடுற. ஆனா அவங்க இப்ப முந்துறாங்க. நீ பொறந்தப்ப முந்தினாங்களா பிந்தினாங்களான்னு யாரு கண்டா? அப்ப எங்கிட்ட அந்த ஒரு கடிகாரம்தான். ஒண்ணுதான் இருந்தா அது சொல்றதுதான் வேதம். அதுக்கப்புறம் ரெண்டு தடவ கீழ வேற விழுந்திருக்காங்க."

"எனக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

"தெரியாதத தெரியும்னு சொன்னா, நாளைக்கு ஒரு பொண்ணு வலியில கெடக்கும்போது நான் சொல்றத எவன்டா நம்புவான்?"

கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, எப்போதும் நான் தூக்கிக் கொடுக்கும் கூடையை அவரே தூக்கிக்கொண்டு ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நல்ல கூட்டம். தாய்மாமன் வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் லயத்துப் பெரியவர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு, தப்புப் பறை அடித்துத்தான் எழுப்புவார்கள். தப்புச் சத்தத்துக்குப் பிறகு நான் பிறந்திருந்தால் கடகம் என்று பூசாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். முதல் பெரியவர் எழுந்தார். தப்பு மூணாவது தடவ அடிச்சு ஓயுது, புள்ள அழுகுற சத்தம் கேக்குது என்றார். இரண்டாமவர் எழுந்தார். தப்பு மூணாவது தடவ அடிச்சு ஓயுது, புள்ள அழுகுற சத்தம் கேக்குது என்றார். கூட்டம் என்னைப் பார்த்தது. கங்காணி முகம் வாடியது. பெண்கள் பக்கத்தில் ராமாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

மருத்துவச்சியம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். அன்னைக்கு மழையா என்று முதல் பெரியவரைக் கேட்டார். அடை மழை என்றார் அவர். இரண்டாமவரைக் கேட்டார். பனிதான், மழை ஏது என்றார் அவர். என்ன மாதம் என்று கேட்டார். ஒருவர் தை என்றார், மற்றவர் புரட்டாசி என்றார். நான் பிறந்தது ஆடி.

"மழ ஞாபகமில்ல, மாசம் ஞாபகமில்ல. தப்பு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அடியில ஞாபகம் இருக்கு" என்றார் அம்மா. "ரெண்டு பேரு ஒரே அளவு தப்பு சொன்னா, சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன் இருப்பான். நான் சொல்றத நம்ப வேணாம். இதோ இந்த அரைகுறையக் கேளுங்க, அவன் அனுபவஸ்தன்."

என் காதுக் கதை தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் சிரித்தது. இரண்டு பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள்; அதில் ஒருவர் தாய்மாமனைப் பார்த்துச் சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று.

ஆனால் கங்காணி சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "அவங்கள விடுங்கம்மா. நீங்க கையில ஏந்துன புள்ள. நீங்களே சொல்லுங்க. மிதுனமா, கடகமா?"

நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை.

"தெரியாதுங்க" என்றார்.

தாய்மாமன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கதை முடிந்தது என்று மற்றவர்களும் எழப் பார்த்தார்கள். அம்மா உட்காரவில்லை.

"அன்னைக்கு எங்கிட்ட மாமியார் மட்டும்தான் இருந்தாங்க. அவங்க முந்தினாங்களோ பிந்தினாங்களோ, எனக்குத் தெரியாது. தள்ளி எழுதணும்னா எழுதிக்கங்க. ஆனா இந்தப் புள்ள ராமாயி பொறந்தப்பவும் அதே மாமியார்தான். இவனுக்கு அடுத்த வருஷம். அப்பவும் அவங்க கீழ விழல. ஒரே கடிகாரம், ஒரே தப்பு. இவனக் கடகத்துக்குத் தள்ளுற அளவு, அவளையும் தள்ளித்தான் எழுதணும்."

கங்காணி பூசாரியைப் பார்த்தார். பூசாரி ராமாயியின் ஜாதகத்தை விரித்து, விரலால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு அவசரமாகச் சுருட்டினார்.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்லைங்க. அப்படித் தள்ளினா, ராஜயோகம் நிக்காதுங்க."

கங்காணி அந்தச் சுருளைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் மகள் ஜாதகத்தில் எவனும் கை வைக்கக் கூடாது என்றார். தாய்மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதே வேகத்தில் அவர் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை ஜாதகத்திலும் எவனும் கை வைக்கக் கூடாது என்றார். நான் மாப்பிள்ளை ஆனது அந்த வாக்கியத்தின் நடுவில்தான். என்ன நேரம் என்று அம்மாவிடம் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கூடையை வாங்கிச் சுமந்தேன். தெரியாதுன்னு சொன்னப்ப உயிரே போச்சு பெரியம்மா என்றேன். போகலையே, இன்னும் பேசுறியே என்றார்.

கல்யாணத்தன்று காலை மலையை மூடிப் பனி. மேளக்காரர்கள் எங்கோ வளைவில் மாட்டிக்கொண்டார்கள். தாய்மாமன் கோபம் தீர்ந்து வந்திருந்தார் என்றுதான் நினைத்தேன். மேளம் வந்து சேர்ந்ததும், கையிலிருந்த புதுக் கடிகாரத்தைப் பார்த்து, முகூர்த்தம் தாண்டிப் போச்சே என்றார். மணவறையில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். கங்காணிக்கு மறுபடியும் முகம் வெளுத்தது. பூசாரி என்னைப் பார்த்தார், நான் தாலியைப் பார்த்தேன். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பினோம்.

மருத்துவச்சியம்மா முன்வரிசையில் கூடையோடுதான் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் குறிக்கிறவர்கள்மேல் அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. நேரம் சொல்லத் தெரிஞ்சவங்க அவங்க மட்டும்தான், இந்த நேரத்துலருந்து இந்த நேரத்துக்குள்ளன்னு முந்தி பிந்தியோட சொல்றாங்க பாரு என்று அடிக்கடி சொல்வார். துணியைப் பிரித்தார். மாமியாரைப் பார்த்தார், என் பத்து நிமிடத்தைக் கழித்தார். நானாவைப் பார்த்தார், அங்கேயும் கழித்தார். கழுத்துச் சங்கிலியை இழுத்துத் துரைசானியைப் பார்த்தார். உதடு அசைந்தது. அதற்குள் தாய்மாமன் தன் புதுக் கடிகாரத்தை அவர் மூக்கருகே நீட்டினார். அம்மா அதைத் தள்ளிவிடவில்லை. பணிவாக வாங்கிப் பார்த்து, இது வந்து எத்தன நாளாச்சுங்க என்று கேட்டார். நேத்துத்தான் வாங்கினேன் என்றார் அவர். அப்ப இதோட குணம் ஒங்களுக்கே தெரியாதே என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணும் எந்தப் பக்கம் எவ்வளவு பொய் சொன்னாலும் நாம முகூர்த்தத்துக்கு உள்ளதான் இருக்கோம். இப்பக் கட்டுடா."

மேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. என் கைமட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டது. இப்ப. முந்தி இல்லை, பிந்தி இல்லை. இத்தனை வருடமாக நான் தூக்கத்திலும் சோற்றிலும் பேருந்திலும் தேடியது, கேட்காமலே வந்து விழுந்திருக்கிறது. தாலியைப் பிடித்தபடியே கூட்டத்தில் பெரியப்பாவைத் தேடினேன். கேட்டீங்களா பெரியப்பா, ஒரே நேரம் சொல்லிட்டாங்க, பந்தயம் பந்தயம் என்று கத்தினேன். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்தில் குனிந்திருந்த ராமாயி தலையை நிமிர்த்தாமலே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"கட்டப் போறியா, இல்ல அதுலயும் ரெண்டு நிமிஷம் முந்தி பிந்தியா?"